மஞ்சள் வைத்த பிரதி

பிப்ரவரி 3, 2025

அலுவலகக் கணினியில் ‘பைனல்’ என்ற பெயரோடு கிடக்கும் வரைபடங்களை எல்லாம் இன்று ஓரிடத்தில் கூட்டினேன். பைனல். பைனல் புதுசு. பைனல் பைனல். பைனல் இதைப் பாருங்க. ‘அண்ணாச்சி ஓகே’ என்று ஒன்று, ‘அண்ணாச்சி ஓகே இல்லை’ என்று இன்னொன்று. கடைசி ரெண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு கூட வித்தியாசமில்லை. மாறியது அண்ணாச்சிதான் போல.

சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இதே வேலைதான் பார்த்தேன். கான்பிகரேஷன் மேனேஜ்மென்ட் என்று பெயர். பல பேர் சேர்ந்து ஒன்றைச் செய்யும்போது எல்லோர் கையிலும் இருப்பது ஒரே பிரதிதானா, அதை யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், யார் சரி என்றார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவுக்கு விளக்கியபோது, “அப்ப நீ ஒண்ணும் செய்யிறதில்ல, அடுத்தவுக செய்யிறதைப் பாத்துக்கிட்டு இருப்ப” என்றாள். இந்தத் துறையைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அங்கே ப்ராஜெக்டை மூடினார்கள். ஊருக்கு வந்தேன். அருப்புக்கோட்டையில் என் படிப்புக்கு வேலை கிடையாது என்று எல்லோரும் சொன்ன நேரத்தில், தங்கலட்சுமி பில்டர்ஸில் இது கிடைத்தது. கிடைத்த காரணம் பெருமைப்படும்படி இல்லை. பந்தல்குடிப் பக்கம் துணி தைக்கிற ஆலைக்குக் கொட்டகை கட்டச் சொல்லியிருக்கும் கோயம்புத்தூர்க் கம்பெனி, ‘வரைபடங்களைக் கட்டுப்படுத்தத் தனி ஆள் வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டது. ஆனந்தகுமார் அண்ணாச்சி என்னிடம் ஒளிக்கவில்லை. “பேப்பர்ல ஒரு ஆளைக் காமிக்கணும் பாப்பா. மார்ச் கடைசியில அவுக வந்து பாப்பாக. நல்லாயிருக்குன்னாகன்னா நீயும் இரு, ரெண்டாவது கொட்டகையும் நமக்கு. இல்லேன்னா ரெண்டும் இல்ல.”

பேப்பரில் மட்டும் இருக்கும் ஆள் நான் ஒருத்தி மட்டுமில்லை என்பதில் சின்ன ஆறுதல். நிறுவனமே அண்ணாச்சியின் மனைவி தங்கலட்சுமி அக்கா பெயரில்தான். பெண் தொழில் முனைவோர் லோனுக்காக. வாரம் ஒருமுறை டிரைவர் பைலை வீட்டுக்குக் கொண்டுபோவார். பென்சிலில் டிக் போட்ட இடங்களில் எல்லாம் அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்புவார். படிப்பதில்லை. படிக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

பிப்ரவரி 6

சைட்டுக்குப் போனேன். தூத்துக்குடி ரோட்டிலிருந்து பிரிகிற மண் பாதை. ரெண்டு பக்கமும் கொத்தமல்லி பிடுங்கிய காடு. காற்றில் இன்னும் அந்த வாசம். சூப்பர்வைசர் மாரிக்கண்ணன் அண்ணன் பரளச்சிக்காரர். காடு சொந்தம், மழை சொந்தமில்லை என்பதால் கட்டட வேலைக்கு வந்தவர்.

சைட் ஆபீஸ் தகரக் கொட்டகைச் சுவரில் வரைபடம் ஒன்று தொங்குகிறது. தை மாதம் பூமி பூஜையில் வைத்த முதல் பிரதி. நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். லேமினேட் செய்து, ஆணியடித்து, மேலே காய்ந்த மல்லிகைச் சரம். ஓரத்தில் ஆர்-0 என்று இருக்கிறது. திருத்தம் எதுவும் செய்யாத முதல் வரைபடம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு கேட்டை வடக்கே தள்ளி ஆர்-1 வந்து பத்து நாளாகிறது.

“இது பழசாச்சே அண்ணே. கேட்டு இடம் மாறிப்போச்சே?”

“தெரியும் மேடம். மனசுல மாத்திக்கிட்டோம்.”

“ஆர்-1 எங்கே?”

மேசை டிராயரைத் திறந்து காட்டினார். நான்காக மடித்து, அதன் மேல் அவருடைய டிபன் டப்பா. புதிய பிரதி பத்திரமாகத்தான் இருந்தது. சாம்பார் கூடச் சிந்தியிருக்கவில்லை.

பிப்ரவரி 7

‘மனசுல மாத்திக்கிட்டோம்.’ இதற்கு என்ன திருத்த எண் கொடுப்பது?

பிப்ரவரி 14

ஆர்-2 வந்துவிட்டது. கிழக்கு வரிசைத் தூண்கள் முழுவதும் முக்கால் அடி வெளியே தள்ளிப் போகின்றன. தையல் மெஷின் வரிசைகளுக்கு நடுவில் தள்ளுவண்டி திரும்ப இடம் போதவில்லையாம். சின்ன மாற்றந்தான். ஆனால் இரும்புத் தூணும் உத்தரமும் வேறு ஊரில் ஆர்-2 அளவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கின்றன. இங்கே அவை உட்காரும் கான்கிரீட் மேடைகளைப் பழைய இடத்தில் ஊற்றினால் தூண் நிற்கும்; உத்தரம் அதோடு சேராது.

மென்பொருளில் தப்பாகப் போனால் நேற்றைய பிரதிக்குத் திரும்பிப் போகலாம். கான்கிரீட்டுக்கு அந்த வசதியை யாரும் இன்னும் செய்து தரவில்லை.

மாரிக்கண்ணன் அண்ணனிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, மாற்றத்தை விரலால் காட்டி, ரிஜிஸ்டரில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கினேன். அழகான கையெழுத்து. எனக்கு இன்று பகல் முழுக்க ஒரு திருப்தி. இப்போது யோசித்தால், மழை பெய்யும் என்று வானிலை அறிக்கையிடம் கையெழுத்து வாங்கிய மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 20

ரப்பர் ஸ்டாம்பு ரெண்டு செய்துவந்தேன். பச்சையில் ‘நடப்பு’, சிவப்பில் ‘ரத்து’. கடைக்காரர், “யாரைம்மா ரத்து பண்ணப் போறீக?” என்று கேட்டார். வரைபடத்தை என்றேன். ஏமாந்த முகத்தோடு பில் போட்டார்.

சைட்டில் சிவப்பு ஸ்டாம்பை எடுத்ததும் கம்பி கட்டுகிறவர்கள் கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“மேடம், சாமி கும்பிட்ட பேப்பரு அது. அதுல போயி ரத்துன்னு குத்தச் சொல்றீகளே.”

“பழசு அண்ணே. சுவத்துல இருந்தா பாத்துப் போட்டுருவீக.”

“பாக்க மாட்டோம். கும்பிடத்தான் செய்வோம்.”

அண்ணாச்சியிடம் போனேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சிமென்ட் கடையிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்தார். “பாப்பா, என் வீட்டுக்காரி மஞ்சள் வச்ச பேப்பருல ரத்துன்னு குத்திப்புட்டு, ராத்திரி நான் அங்க போயி சோறு திங்க வேணாமா? ரெண்டும் தொங்கட்டும். ரெண்டும் நம்ம பேப்பருதான.”

ஆக, ஆர்-2வில் பச்சையாக ‘நடப்பு’ என்று குத்தி, மஞ்சள் பிரதிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். சாமியும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில். இதை நான் கட்டுப்பாடு என்று பைலில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 2

அம்மா என் ஜாதகத்தோடு அனுப்பும் விவரத் தாளைத் தற்செயலாகப் பார்த்தேன். போன மாதம் ‘ஐ.டி.’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘பில்டிங் கம்பெனி மேனேஜர்’. உயரத்தில் ரெண்டு அங்குலம் குறைந்திருக்கிறேன். ‘புத்தகம் வாசிப்பதில் ஆர்வம்’ என்பது போய், ‘அமைதியான சுபாவம்’. யாரைக் கேட்டு மாற்றினாய் என்றேன்.

“யாரைக் கேக்கணும்?”

கேட்டால் என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தாளில் என் கையெழுத்துக்கு இடமே இல்லை.

மார்ச் 9

நாளை விடுப்பு. திருச்சுழியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். கிழக்கு வரிசைக்குக் கம்பி கட்டி முடித்துவிட்டார்கள்; புதன்கிழமைதான் கான்கிரீட் என்று மாரிக்கண்ணன் அண்ணன் சொன்னார். செவ்வாய்க்கிழமை போய் அளந்து பார்த்துவிடலாம்.

மார்ச் 10

வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், போனார்கள். பையனின் அக்கா மட்டும், “சைட்டுக்கெல்லாம் போவீகளா? வெயிலுக்குக் கறுத்துறாது?” என்றார். மேனேஜர் வெயிலில் நிற்க வேண்டியதில்லை என்று அம்மா முந்திக்கொண்டாள். சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

காலையிலேயே அம்மா என் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். “அவுக முன்னால அதை நோண்டிக்கிட்டு உக்காராத.” சாயங்காலம்தான் கொடுத்தாள். மாரிக்கண்ணன் அண்ணனிடமிருந்து தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மார்ச் 11

ஊற்றிவிட்டார்கள்.

கான்கிரீட் லாரி வேறொரு சைட்டில் வேலை நின்றுபோய், நேற்றே இங்கே வந்துவிட்டதாம். கிழக்கு வரிசை முழுவதும். இன்று நானே நாடாவைப் பிடித்து அளந்தேன். ரெண்டு முனையிலும். நடுவிலும். நாடா தப்போ என்று வேறு நாடா வாங்கியும்.

ஆர்-0. அச்சுப் பிசகாமல் ஆர்-0. கம்பியையும் அந்த இடத்துக்கே கட்டியிருந்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தப்பில்லை. அவ்வளவு நேர்த்தியான தப்பு.

வீட்டில் அம்மா என்னுடைய திருத்திய பிரதியைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே பழைய பிரதியை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மார்ச் 12

என்ன மனுஷன் இவரு!

அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். கத்துவார் என்று நினைத்துப் போனேன். கத்தவில்லை. ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். ஆர்-2 பெற்றுக்கொண்ட கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது யாரு கையெழுத்து?”

“மாரிக்கண்ணன் அண்ணன்.”

“புதுப் பேப்பரை வாங்கிட்டேன்னு போட்டுருக்கான்ல? அப்புறம் என்ன. தப்பு அவன் தப்பு. இதை அப்படியே ரிப்போர்ட்டா எழுது. அவனைக் கணக்கு முடிச்சு அனுப்பிருவோம். கோயம்புத்தூர்ல இருந்து செக் பண்ண அந்தம்மா வாரப்ப, தப்பு செஞ்ச ஆளைத் தூக்கிட்டோம்னு காமிக்கலாம்.” பிறகு என்னைப் பார்த்து, மனதார, “உன் முறை இருக்கே பாப்பா, நல்ல முறை. இன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு. உன் வேலை இனி உறுதி” என்றார்.

வந்த நாளிலிருந்து இதைத்தானே கேட்கக் காத்திருந்தேன்? கேட்டாச்சு. சந்தோஷமா? தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறதுக்குன்னு நான் வச்ச ரிஜிஸ்டர். யாரு தலையில போடலாம்னு பாக்க வச்சதா ஆயிருச்சே. ஒரு கையெழுத்து வாங்குனேன் அந்த மனுஷன்கிட்ட, அழகா இருக்குன்னு வேற எழுதி வச்சிருக்கேன் —

போதும். நாளைக்கு அவரிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 13

கேட்டேன். மேடை மேல் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உடைக்கப் போகிற மேடைக்கு எதற்கு நனைப்பு என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

“குழப்பமாத்தான் இருந்துச்சு மேடம். கம்பி கட்டுனவன் மஞ்சள் பேப்பரைப் பாத்துக் கட்டிட்டான். பக்கத்துல பச்சை வேற மாதிரி நிக்குது. உங்களுக்குப் போட்டேன். எடுக்கல. அண்ணாச்சிக்குப் போட்டேன். ‘சாமி கும்பிட்டதைப் பாத்துப் போடுலே, லாரி வந்து நிக்குது’ன்னாக. போட்டுட்டேன்.”

“போனில் சொன்னதுக்கு ஒரு மெசேஜாவது வாங்கியிருக்கக் கூடாதா?”

“மொதலாளிகிட்ட எழுதி வாங்கவா?” நிஜமாகவே சிரித்துவிட்டார். “நீங்க சென்னையில இருந்து வந்தவுக மேடம்.” கொஞ்சம் கழித்து, வாளியைப் பார்த்துக்கொண்டே, “என்னைய நிப்பாட்டப் போறாகளாமே. நெசமா?” என்றார்.

தெரியாது என்றேன். தெரியும்.

மார்ச் 14

இன்று எதுவும் எழுதவில்லை. ரிப்போர்ட்டையும்தான்.

மார்ச் 15

எழுதினேன். காரணம் என்ற தலைப்பின் கீழே:

‘ஒரே வரைபடத்தின் இரண்டு பிரதிகள் சுவரில் இருந்தன. பழையதற்கு மஞ்சள் வைக்கப்பட்டிருந்ததால் அதை ரத்து செய்ய யாரும் முன்வரவில்லை. கான்கிரீட் போடும் அன்று சூப்பர்வைசர் ஆவணப் பொறுப்பாளரை அழைத்தார், அவர் எடுக்கவில்லை. நிறுவனத் தலைமையைத் தொலைபேசியில் கேட்டார். பழைய பிரதியைப் பின்பற்றச் சொல்லப்பட்டது.’

ஆவணப் பொறுப்பாளர் நான்தான். என் போன் பீரோவில் இருந்த காரணத்தை எழுதவில்லை. அம்மாவை இதில் இழுக்க வேண்டாம்.

அண்ணாச்சி படித்தார். “இதுல என்னைய எதுக்குக் கொண்டாந்த?”

“நடந்தது அண்ணாச்சி.”

“நடந்ததை எல்லாம் எழுதுனா எவன் தொழில் பாக்க முடியும்? இதை மாத்து. இல்லேன்னா வேற எடம் பாத்துக்க.”

“மாத்தலாம் அண்ணாச்சி. யார் மாத்தச் சொன்னது, எதுக்குன்னு கீழே எழுதித்தான் மாத்த முடியும்.”

இதைச் சொன்னது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

இன்று சனிக்கிழமை. தங்கலட்சுமி அக்காவுக்குப் பைல் போகிற நாள். ரிப்போர்ட்டின் அடியில் ‘உரிமையாளர் கையொப்பம்’ என்று இருக்கிறது. முறைப்படி அது அந்தப் பைலில்தான் போக வேண்டும். வைத்தேன். மற்ற தாள்களில் எல்லாம் வழக்கம்போல டிக் போட்டேன். இதில் போடவில்லை.

பைல் போய்க் கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. “ஏம்மா, ஒரு தாளுல மட்டும் டிக்கு இல்ல. அப்ப இதைப் படிக்கணுமா?”

“படிச்சா நல்லதுக்கா.”

“வீட்டுக்கு வா.”

போனேன். கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து கண்ணாடி போட்டு, விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவித்த பனங்கிழங்கு. ஒன்றை உரித்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

“மஞ்சள் வச்சதுன்னா, பூமி பூசையில நான் வச்சேனே, அதா?”

“ஆமாக்கா.”

“போன்ல சொன்னது இவரு. அன்னைக்குக் கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்து எலையில நான்தான உக்காந்திருந்தேன். ஒரு கையில அப்பளம், ஒரு கையில போனு. ‘சாமி கும்பிட்டதைப் பாத்துப் போடுலே’ன்னாரு. பக்தி முத்திப்போச்சோன்னு நெனைச்சேன். பாயசம் வந்துக்கிட்டு இருந்துச்சு, அதான் சேதி.”

மாரிக்கண்ணன் அண்ணனை நிறுத்தப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

“அதுக்கு மாரிக்கண்ணனை அனுப்பிருவாராமா?” பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட்டார். மற்ற நாள்களைவிட மெதுவாக, பெயரை முழுசாக. “இத்தனை வருசத்துல நான் படிச்சுப்புட்டுக் கையெழுத்துப் போட்ட மொதப் பேப்பரு இதுதான். கொஞ்சம் நல்ல சேதியா எழுதியிருக்கக் கூடாதா நீ?”

கிளம்பும்போது வாசல் வரை வந்தவர் கேட்டார். “அது சரி, பழசாப் போச்சுன்னு தெரிஞ்சும் அதை ஏன் தொங்கப் போட்டு வச்சிருக்கீக?”

“மஞ்சள் வச்சதைத் தொட யாருக்கும் மனசு வரலைக்கா.”

“அவுக எப்படித் தொடுவாக? வச்சது நான்ல. என்னையக் கூப்பிட்டிருந்தா எடுத்துட்டு வந்திருப்பேன்ல.”

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ஒரு பிரதியை அங்கீகரித்தவர்தான் அதை விலக்கிக்கொள்ளவும் முடியும். இந்தத் துறையின் முதல் பாடம். சென்னையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் படம் போட்டு நானே நடத்தியிருக்கிறேன். இங்கே வந்து, அங்கீகரித்தவரை விட்டுவிட்டுச் சூப்பர்வைசரிடம் சிவப்பு மையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பேப்பரில்தானே முதலாளி என்று நானும்தான் நினைத்துவிட்டேன்.

மார்ச் 17

அக்கா காரில் வந்தார். தேங்காய், சூடம், வெற்றிலை. அண்ணாச்சியும் வந்தார், காரை விட்டு இறங்கவில்லை, அல்லது இறக்கப்படவில்லை. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மாரிக்கண்ணன் அண்ணனைப் போகச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

சூடம் காட்டி, மஞ்சள் பிரதியை ஆணியிலிருந்து அக்காவே இறக்கினார். இனி இதை எங்கே சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்றார் ஒருவர். இந்தப் பக்கம் தண்ணீர் ஓடினால்தானே. கண்மாயில் விடலாம் என்றார் இன்னொருவர். அங்கே இப்போது ஆடு மேய்கிறது. தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார்கள். லேமினேட் செய்தது, ஒரு சொட்டு ஒட்டாமல் பளபளவென்று வெளியே வந்தது. கடைசியில் அக்கா முந்தானையால் துடைத்து, “எங்க வீட்டுச் சாமி அலமாரியில இருக்கட்டும்” என்று வாங்கிக்கொண்டார்.

பிறகு ஆர்-2. என் பச்சை ஸ்டாம்புக்கு நேர் மேலே மஞ்சள் குழைத்து வைத்தார். நாலு மூலை, நடுவில் குங்குமம். ‘நடப்பு’ என்ற எழுத்தில் பாதி மறைந்துவிட்டது. கம்பி கட்டுகிற ஆள்கள் ஒவ்வொருவராக வந்து கும்பிட்டுவிட்டு, முதல் தடவையாக, அதை உற்றுப் பார்த்தார்கள்.

“ஏலே, முக்கால் அடி தள்ளில்ல இருக்கு!” என்றார் ஒருவர். ஒரு மாதமாகப் பக்கத்திலேயே இருந்த தாள்.

அப்புறம் உடைக்கிற மெஷின் சத்தம். சாயங்காலம் வரை.

ரிஜிஸ்டரில் எழுதினேன்: ‘ஆர்-0 விலக்கப்பட்டது. விலக்கியவர்: உரிமையாளர். காப்பிடம்: பூஜை அலமாரி.’

மார்ச் 26

கோயம்புத்தூர்க் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஜோதிகா மேடம் வந்தார். பைல்களை ஒன்று விடாமல் பார்த்தார். ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

“இதை நீங்களே எதுக்குங்க காட்டுறீங்க? உடைச்சு மறுபடி ஊத்திட்டீங்க. சொல்லலீன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியைத்தான் அவரும் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“அடுத்த தடவை மாறினால் உங்களுக்குத் தெரிய வேண்டாமா” என்றேன்.

சைட்டில் மஞ்சளைக் காட்டி, இது என்ன என்றார். என் நடைமுறை விதியைத் திறந்து, நேற்று சேர்த்த பத்தியைக் காட்டினேன். ‘உரிமையாளர் மஞ்சள் இட்ட பிரதி மட்டுமே நடப்புப் பிரதி. புதியது வரும்போது பழையதை உரிமையாளரே எடுத்துச் செல்வார்.’ அவர் சிரிக்கவில்லை. மாரிக்கண்ணன் அண்ணனைக் கூப்பிட்டு, “இப்ப எதைப் பார்த்து வேலை நடக்குதுங்க?” என்று கேட்டார்.

“மஞ்சளைப் பாத்துத்தான்.”

“பழசுலயும் மஞ்சள் இருந்துச்சுங்களே?”

“அதை அக்கா கொண்டுட்டுப் போயிட்டாக.”

எதையோ எழுதிக்கொண்டார். நான் ரெண்டு வருஷம் படம் போட்டு நடத்திய பாடம் ரெண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

மார்ச் 31

திருச்சுழிக்காரர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் பெண் வேண்டாமாம். தாளை அம்மா மறுபடி திருத்துகிறாள். இந்தத் தடவை என்னைக் கேட்டாள். “டீச்சருன்னு போடட்டுமா?”

ஏப்ரல் 9

ஊரில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். சைட்டில் ஆளில்லை. மேடைகள் மட்டும் இருக்கின்றன, சரியான இடத்தில்.

ஏப்ரல் 24

கிழக்கு வரிசையில் முதல் உத்தரம் ஏறியது. போல்ட் தானாகப் போய் உட்கார்ந்தது. யாரும் கை தட்டவில்லை. சரியாக இருப்பதற்கு யார் கை தட்டுவார்கள்? மாரிக்கண்ணன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

வேலையில் இரு என்றோ, போ என்றோ அண்ணாச்சி இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சம்பளம் வருகிறது. ‘பாப்பா’ மட்டும் நின்றுவிட்டது. “அந்தப் புள்ளையக் கேளுங்க” என்கிறார்.

ஜூன் 18

ரெண்டாவது கொட்டகை அஸ்திவாரத்தில் இருக்கிறது. காற்று மண்ணை வாரி அடிக்கிறது. தாளை மேசையில் விரிக்க நாலு செங்கல் வேண்டியிருக்கிறது. என் பையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சின்ன மஞ்சள் டப்பாவும் உண்டு. அக்கா கொடுத்தது, அவர் கைதான் தொடும், நான் சுமக்கிறவள். பச்சை ஸ்டாம்பு எங்கே என்று கொஞ்ச நாளாகத் தெரியவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

காலையில் பஸ்ஸில் இருந்தேன். மாரிக்கண்ணன் அண்ணன் போன்.

“மேடம், ஜெனரேட்டர் ரூமை மேற்கே தள்ளி புது டிராயிங் ஒண்ணு டிரைவர்கிட்ட வந்திருக்கு. ஆர்-3ன்னு போட்டுருக்கு. நீங்க அனுப்புனீகளா?”

“இல்லையே அண்ணே. ஆர்-3ன்னு ஒண்ணு கிடையாது. மஞ்சள் இருக்கா?”

“இருக்கு. நாலு மூலையும் இருக்கு, குங்குமமும் இருக்கு. ஆனா மேடம்,” குரலைத் தாழ்த்தினார், “வெரலை எச்சித் தொட்டுத் தேச்சுப் பாத்தேன். ஒட்டலை.”

கலர் ஜெராக்ஸ்.

இதை யார் செய்திருக்க முடியும் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவசரத்துக்கு வீட்டில் கேட்டு வாங்க நேரமில்லாமல், பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய மஞ்சளோடு புது அறையை ஒட்டி எடுத்திருக்கிறார். எங்கள் முறைக்குக் கள்ளப் பிரதி வந்துவிட்டது. ஒரு முறை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

“அண்ணாச்சி பேசுனாகளா?”

“பேசுனாக. ‘ஏலே, நான்தான சொல்றேன், போடு’ன்னாக. சரிங்க அண்ணாச்சி, அக்காவை வந்து வைக்கச் சொல்லுங்கன்னேன். போனை வச்சுட்டாக.”

பஸ் பாளையம்பட்டி விலக்கில் நின்றது. போனில் பின்னால் ஏதோ இரைச்சல், பெரிய டிரம் சுற்றுகிற சத்தம்.

“கான்கிரீட் லாரி வந்துருச்சா அண்ணே?”

“வந்து நிக்குது.”

“அப்ப என்ன செய்யிறது?”

“நிக்கட்டும் மேடம்” என்றார்.